பேய்க்கு ஒரு பங்கு

இன்று செட்சுபுன்.
குளிர்காலத்தின் கடைசி நாள் என்கிறது நாள்காட்டி.
ஒத்தாருவில் அதை யாரும் நம்புவதில்லை.
தெருவில் கார்கள் இல்லை,
கார் அளவு வெள்ளை மேடுகள்.

காலை நான்கு மணியிலிருந்து
பேரங்காடியின் பின்கட்டில்
இருநூற்று முப்பது எஹோமாகி சுற்றினேன்.
வெள்ளரி, முட்டை, விலாங்கு, காளான்.
கடற்பாசித் தாளின் ஓரம் பிரியாமலிருக்க
இரண்டு சோற்றுப் பருக்கை.
மாலையில் விற்காமல் கிடந்தவற்றில் மூன்றை
பாதி விலைக்கு வாங்கி வந்தேன்.
மூன்று. எண்ணித்தான் எடுத்தேன்.

தகேயோமி இந்த வீட்டுக்கு
ஆண்டில் ஒருநாள் வருகிறான், பேயாக.
மற்ற ஞாயிறுகளில் மகளை
ரயில் நிலையத்தில் கைமாற்றிக்கொள்கிறோம்,
மறந்துபோன குடையைத் திருப்பித் தருவது போல.
மற்ற இரவுகளில் அவன்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.

ஏழு மணிக்கு அழைப்புமணி.
கதவுக் கைப்பிடியில் நான் மாட்டி வைத்த முகமூடி,
கடலைப் பொட்டலத்தோடு இலவசமாய் வந்தது,
ஒரு கொம்பு மடங்கியிருந்தது.
அதற்குக் கீழே வேலைக்குப் போகும் ஆரஞ்சுச் சட்டை.
உறுமினான். உறுமல் இருமலில் போய் முடிந்தது.

தெற்கே வறுத்த சோயாவை எறிவார்களாம்.
இங்கே ஓட்டோடு நிலக்கடலை:
பனியில் விழுந்தாலும் பொறுக்கித் தின்னலாம்.

மிஃபுயு எறிந்தாள்.
"பேறே உள்ளே! பேறே உள்ளே!"
"முன்பாதி எங்கே?" என்றேன்.
"பேயே வெளியே, அதை நீ சொல்லு."
ஆறு வயது. இரண்டு கை நிறையக் கடலை.

பேய் வாசலில் நின்றது.
வெளியே என்று யாரும் விரட்டாததால் போக முடியாமல்,
உள்ளே என்று யாரும் அழைக்காததால்
பூட்ஸைக் கழற்றவும் முடியாமல்.
பூட்ஸைச் சுற்றிச் சின்னக் குட்டை ஒன்று பரவியது.

போன ஆண்டு இதே இடத்தில்
அந்தச் சொல்லை நான் சொன்ன வேகத்தில்
எதிர்வீட்டு இனுகாய் கதவைத் திறந்து பார்த்தார்.
விளையாட்டு, விளையாட்டு என்று
மூவரும் சிரித்து வைத்தோம்.
இன்றும் வாயைத் திறந்தேன்.
வந்தது வேறு:
"சாப்பிட்டாயா?"
பேயிடம் கேட்கிற கேள்வியா இது.

இவ்வாண்டின் நல்ல திசை
தென்கிழக்கில் சற்றுத் தெற்கே.
கைபேசியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தோம்,
அங்கே குளிர்சாதனப் பெட்டி இருந்தது.
வெட்டாமல், பேசாமல், திசை மாறாமல்
முழுச் சுருளையும் தின்று முடிக்க வேண்டும்.
பெட்டியை நோக்கி வரிசையாய் உட்கார்ந்தோம்,
சிறியவள் நடுவில்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம்,
ஒரு வார்த்தையும் தேட வேண்டாம்.
இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்
எங்களைப் போல் யாரையோ அறிந்திருக்க வேண்டும்.
விலாங்கில் இனிப்பு கொஞ்சம் தூக்கல்.
அவன் மெல்லும்போது தாடை சொடுக்கும் ஓசை,
ஒன்பது ஆண்டுகள் என்னை எரிச்சல்படுத்திய ஓசை,
கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வயதோடு ஒன்று கூட்டிக் கடலை.
ஓட்டை எண்ணுவதா, பருப்பையா என்று தகராறு.
பருப்பு என்று மிஃபுயு தீர்ப்பளித்தாள்.
தனக்கு ஏழு, எனக்கு முப்பத்தொன்பது.
"பேய்க்கு எத்தனை?"
"நாற்பத்திரண்டு" என்றான்,
முகமூடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது.
நாற்பத்தொன்றில் கைபேசி அடித்தது.
பனி பிடித்துவிட்டது, வண்டி எடுக்க வேண்டும்.
பூட்ஸ் ஈரமாகவே இருந்தது.

விடியலில் ஜன்னலைப் பார்த்தேன்.
தெருவைத் திறந்துவிட்டுப் போயிருந்தது வண்டி,
அவனுடையதோ வேறொருவனுடையதோ,
எல்லார் வாசலிலும் ஒதுக்கித் தள்ளிய மேடு,
எங்கள் வாசலிலும் அதே இடுப்பளவு.

இன்று வசந்தத்தின் முதல் நாள்.
மண்வெட்டியோடு இறங்கினேன்.
பாதி மேடு வெட்டியதும் மூச்சு வாங்கியது.
சட்டைப் பையில் கை விட்டேன்,
மேசையிலிருந்து எடுத்துப் போட்ட அரை ஓடு,
அதற்குள் ஒற்றைப் பருப்பு.
வரும் ஆண்டுக்கு என்று கூட்டியது.
சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு
வாயில் போட்டுக்கொண்டேன்.